ஒன்பதாம் அறைச் சம்பந்தி

ஹார்விக் ஹௌஸ்,
வட்டக்கானல் ரோடு, கொடைக்கானல்.
9-4-2024, செவ்வாய்

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா கந்தம்மாள் அவர்களுக்கு,

அடுக்கம் குஞ்சம்மாள் எழுதிக்கொண்டது. நான் நலம். அங்கே என் மகன் மதன், உங்கள் மகள் சௌம்யா, நம் பேத்தி தாரணி எல்லாரும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

காகிதத்தின் தலைப்பைப் பார்த்திருப்பீர்கள். நான் தங்கியிருக்கும் ஹோட்டலின் காகிதம் இது. வெள்ளைக்காரத் துரை கட்டி நூற்றிருபது வருஷம் ஆகிறதாம். தரையெல்லாம் மரப்பலகை. என் அறை மாடியில், ஒன்பதாம் நம்பர். கணப்பு அடுப்பு இருக்கிறது, என் உயரத்துக்கு நிலைக்கண்ணாடி இருக்கிறது. வேளாவேளைக்குச் சாப்பாடு கதவுக்கே வருகிறது. சிலோன் தேயிலைத் தோட்டத்தில் இருந்தபோது இப்படி ஒரு பங்களாவின் பின்வாசல் வரைக்கும்தான் என்னை விட்டார்கள். இப்போது மாடியில் படுத்திருக்கிறேன். சீசன் முடியும்வரை இங்கேதான்.

பங்குனியில் குழந்தைக்குச் சோறூட்டிய அன்று நான் சொல்லாமல் பஸ் ஏறியதைத் தப்பாக நினைத்திருப்பீர்கள். முதல் வாய்ச் சோற்றை நான் கையில் எடுத்தபோது, அத்தனை பேர் முன்னால் "ஸ்பூன்ல குடுங்க சம்பந்தி, கை கீறிப்புடும்" என்றீர்கள். அதைப் பற்றி நான் எழுத மாட்டேன். எழுதவும் இல்லை.

ஒன்றுதான் கேட்பது. தாரணிக்கு முடி இறக்கும் நாளைக் குறித்துச் சொல்லுங்கள். எட்டாம் மாசத்திலேயே பிறந்து, பத்தொன்பது நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்த பிள்ளை. பிழைத்து வந்தால் அவள் முதல் முடியும் என் முடியும் ஒரே நாளில் பழனியாண்டவனுக்கு என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று வேண்டினேன். நான் இல்லாமல் அந்தத் தலையில் கத்தி படக்கூடாது.

இந்தக் கடிதத்தைக் கேரட் லாரி வேலுசாமியிடம் கொடுத்தனுப்புகிறேன். அவன் செவ்வாயும் வெள்ளியும் இங்கே காய் இறக்கிவிட்டு உங்கள் ஊர் வழியாக ஒட்டன்சத்திரம் போகிறவன்.

இப்படிக்கு,
குஞ்சம்மாள்


சந்தனக் கடை, அடிவாரம்,
பழனி.
16-4-2024

சம்பந்தியம்மாவுக்கு,

கந்தம்மாள் எழுதுவது. உங்கள் கடிதம் கேரட் மண்ணோடு வந்து சேர்ந்தது. வாசித்தேன். மாடியில் படுத்திருப்பது சந்தோஷம்.

உங்கள் போன் எங்கே? மதன் நாற்பது தடவை கூப்பிட்டுவிட்டான். சித்திரை ஒன்றாம் தேதி உங்களைப் பார்க்க அந்த ஹோட்டலுக்கே வண்டி ஓட்டிக்கொண்டு வந்தான். கேட்டில் நின்ற காவல்காரன், "அப்படி ஒரு கெஸ்ட் இங்க இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிட்டான். உங்கள் மகன் முகம் செத்துப்போய் வீட்டுக்கு வந்தான். வாங்கி வந்த பலகாரத்தை அப்படியே மேசையில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டான். பணக்காரர் தங்குகிற இடத்தில் உங்களை யாருக்கும் தெரியவில்லையா, இல்லை உங்களுக்கு எங்களைப் பார்க்க மனமில்லையா?

நாள் குறித்தாகிவிட்டது. வைகாசி நாலு, வெள்ளிக்கிழமை, மே பதினேழு. தாரணிக்குப் பதினோராம் மாசம். அதை விட்டால் அப்புறம் மூன்றாம் வருஷம்தான். பிள்ளைக்கு முடி கண்ணை மறைக்கிறது. அடிவாரத்து வெக்கையில் பிடரியெல்லாம் வேர்க்குரு. இரண்டு விரலால் ஒதுக்கி ஒதுக்கிவிட்டுத்தான் பால் கொடுக்கிறாள் சௌம்யா. வேண்டுதல் உங்களுடையது, அரிப்பு பிள்ளையுடையது. பதினாறாம் தேதியே வந்துவிடுங்கள்.

ஸ்பூன் விஷயம் எனக்கு ஞாபகமில்லை.

அந்த ஹோட்டலில் பேய் இருக்கிறதாமே? என் மகன் சிவமுருகன் போனில் காட்டினான். யாரோ தங்கப்போனவர்கள் எடுத்த வீடியோப் படமாம். அந்தக் காலத்தில் துரை பிள்ளை பனி மஞ்சுக்குள் தொலைந்துபோனதாம், அதை வளர்த்த ஆயா இன்னும் லாந்தரோடு தேடுகிறதாம். ஏழு மணிக்கு வருமாம், சாப்பாட்டு நேரம் பார்த்து. கூட்டம் அதற்காகவே வருகிறதாம். நீங்கள் பார்த்தீர்களா?

கந்தம்மாள்


ஹார்விக் ஹௌஸ்
23-4-2024

சம்பந்தியம்மாவுக்கு,

மதன் வந்த அன்று நான் ஏரியைச் சுற்றி நடக்கப் போயிருந்தேன். கேட்டில் இருப்பவன் புது ஆள். போனில் இங்கே சிக்னல் கிடைப்பதில்லை. மகனிடம் சொல்லுங்கள்.

பேயாவது ஒன்றாவது. நான் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் படத்தை நீங்கள் முழுசாகப் பார்த்தீர்களா? முகம் தெரிகிறதா? நடை எப்படி இருந்தது, பயமாக இருந்ததா, இல்லை சும்மா கிழவி நடக்கிற மாதிரியா? பார்த்தவர்கள் சிரித்தார்களா? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

இங்கே வெயில் எப்படி இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை. என் ஜன்னலை ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள். பழைய கட்டிடம், குளிர் புகுந்துவிடும் என்று. கண்ணாடியும் புகை பிடித்த கண்ணாடி. காகம் கத்தினால் விடிந்துவிட்டது என்று தெரிந்துகொள்கிறேன். பஜாருக்குப் போய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. ஒரு டீக்கடை டீ குடித்தால் தேவலை.

மே பதினேழு என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே மேனேஜர் சேனாதிபதி என்று ஒருவர். ரொம்ப மரியாதையானவர், என்னை மேடம் என்றுதான் கூப்பிடுகிறார். ஒரு நாள் கீழே போய்வர வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். நான் ஏன் அவரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்காதீர்கள், பெரிய இடத்தில் அப்படித்தான் முறை. அவர், "சீசன் நேரத்துல எப்படி மேடம்?" என்றார்.

எனக்கு வர ஏலாமல் போய்விட்டால் பிள்ளைக்கு மட்டும் இறக்கிவிட முடியுமா என்று யோசித்தேன். யோசித்தது தப்பு. வேண்டாம். நான் வருவேன். கத்தி வைக்காதீர்கள்.

குஞ்சம்மாள்


பழனி
30-4-2024

சம்பந்தி,

மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தப் படத்தை இருபது தடவை பார்த்தேன்.

வெள்ளைச் சேலை, முழங்கால் வரைக்கும் வெள்ளை முடி, முகம் தெரியவில்லை. லாந்தரைத் தூக்கிக்கொண்டு ஆயா நடக்கிறது. ஒரு பொம்பளை கீச்சென்று கத்துகிறாள். அப்போது தரையில் யாரோ கெஸ்ட் பிள்ளையின் ஒற்றைச் செருப்பு கிடக்கிறது. ஆயா நிற்கிறது. இடுப்பில் ஒரு கையை ஊன்றி, முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி, கொழுந்துக் கூடை முதுகில் இருக்கிற மாதிரியே குனிந்து, செருப்பை எடுத்து, தன் மடியில் இரண்டு தட்டுத் தட்டி, யார் காலிலும் மிதிபடாமல் ஜன்னல் மேடையில் வைத்துவிட்டுப் போகிறது.

கீழே ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள், பாவம் ஆயா இன்னும் பிள்ளையைத் தேடுகிறது, அழுகை வருகிறது என்று. எனக்கு அழுகை வரவில்லை. என் கடை வாசலில் கிடக்கிற செருப்பையெல்லாம் அப்படி எடுத்துத் தட்டி வரிசையாக வைக்கிற ஒரே ஒரு ஆளைத்தான் எனக்குத் தெரியும். "கடைக்கு வர்றவங்க செருப்பை நீங்க ஏன் தொடுறீங்க சம்பந்தி" என்று நானே சத்தம் போட்டிருக்கிறேன்.

அது நீங்கள்தானே?

யாரிடமும் சொல்லவில்லை. மதன் பக்கத்தில் உட்கார்ந்து அதே படத்தைப் பார்த்தான். முடியை ஏதோ விக் என்றான், அவனுக்குத் தெரியவில்லை. பெற்ற தாயின் நடையை எந்த மகன் பார்த்திருக்கிறான்?

பதில் போடுங்கள். பொய் எழுதாதீர்கள், காகிதம் வீணாகிறது.

கந்தம்மாள்


3-5-2024, வெள்ளி

சம்பந்தியம்மா,

நான்தான்.

பங்குனி கடைசியில் செண்பகனூரில் கேரட் கழுவுகிற இடத்தில் வேலை முடிந்து, தலை குளித்து, முடியை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கார் நின்றது. சேனாதிபதி இறங்கி, "அம்மா, உங்க முடிக்கு ஒரு வேலை இருக்கு" என்றார். "முடிக்குத்தானே? அப்ப அதை மட்டும் கூட்டிக்கிட்டுப் போங்க தம்பி, நான் இங்கனயே இருக்கேன்" என்றேன். சிரித்தார். ஆனால் போகவில்லை. அத்தனை பெண்கள் இருந்தோம். என்னைத்தான் வேண்டும் என்றார். உங்கள் வீட்டில் ஸ்பூன் கொடுத்த பத்தாம் நாள் அது. என்னைத்தான் வேண்டும் என்று ஒருவர் சொல்லும்போது நான் வேறு என்ன கேட்பேன்?

இங்கிலீஷில் ஒரு பத்திரம் நீட்டினார். "வாசிச்சுச் சொல்லட்டுமா?" என்றார். எனக்கு ரோஷம். சிலோன் தோட்டப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரை படித்தவள், முதல் மார்க்கு. ஊருக்கு அனுப்புகிறோம் என்று எங்களைக் கப்பலேற்றாவிட்டால் மேலேயும் படித்திருப்பேன். "தேவையில்லை" என்று சொல்லி முழுப்பேரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு எழுத்து புரியவில்லை.

சீசன் முடியும்வரை கேட்டைத் தாண்டக்கூடாது, முடியைத் தொடக்கூடாது, யாரிடமும் சொல்லக்கூடாது, இதெல்லாம் அதில் இருக்கிறது என்று அப்புறம்தான் சொன்னார். போனை இரண்டாம் நாளே வாங்கி அவர் மேசைக்குள் பூட்டிவிட்டார். நான் லாந்தரோடு நடக்கையில் இடுப்பில் முருகன் பாட்டு அடித்துவிட்டது. கெஸ்ட் எல்லாம் ஓடின ஓட்டம் வேறு ஓட்டம்.

ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் நடக்கிறேன், சம்பந்தி. மிச்ச நேரமெல்லாம் அறைதான். வெளியே பூட்டுகிறார்கள். கெஸ்ட் வந்து ஒன்பதாம் அறைக் கதவைத் திருகிப் பார்ப்பார்கள், அது பூட்டியே இருக்க வேண்டும், அதுதான் கதை. தட்டுவார்கள். "பேயே, வாடி வெளியே" என்பார்கள். சிரிப்பார்கள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் இருமலை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பலகை கிறீச்சிடும் என்று கால் நீட்ட மாட்டேன். சாவிக்கண்ணில் ஒரு கண் வந்து பார்க்கும். நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வேன். அதிகாலையில் கெஸ்ட் தூங்கும்போது மட்டும் சமையல்கட்டு வரைக்கும் விடுவார்கள். அப்போதுதான் வேலுசாமியைப் பார்ப்பது.

அந்தச் செருப்பு நான் யோசிக்காமல் எடுத்தது. திட்டு விழும் என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து மேனேஜரே ஒரு சிவப்புச் செருப்பைக் கொண்டுவந்து போடுகிறார். "அதே மாதிரி தட்டுங்க மேடம், சூப்பர்" என்கிறார்.

மதன் வந்த அன்று நான் ஏரிக்குப் போகவில்லை. அந்தப் புகைக் கண்ணாடியில் நகத்தால் சுரண்டி ஒரு ஓட்டை வைத்திருக்கிறேன், அது வழியாகப் பார்த்தேன். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். மெலிந்திருக்கிறான். "எலேய் மதனு" என்று ஒரு சத்தம் கொடுத்திருந்தால் கேட்டிருக்கும். கீழே புல்தரையில் இருபது கெஸ்ட் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டேன்.

பதினேழாம் தேதிக்கு மறுபடி கேட்டேன். "பூமுடி குடுத்துக்குங்க மேடம், பொம்பளைங்க மூணு விரக்கடை குடுத்தாப் போதும்ல. இங்கயே வெட்டி அனுப்பிருங்க" என்கிறார். நான் பூமுடி என்று வேண்டவில்லை. பிள்ளை மூச்சு விடுவதை எண்ணிக்கொண்டு நின்றபோது, முழுசும் எடுத்துக்கோ என்றுதான் சொன்னேன். முருகனிடம் பேரம் பேச எனக்குத் தெரியாது.

மதனிடம் சொல்லிவிடாதீர்கள். அம்மா மாடியில் இருக்கிறாள் என்று அவன் நாலு பேரிடம் சொல்லியிருப்பான். அவனுக்கு முன்னால் பேய் வேஷத்தில் நிற்பதைவிட நான் இங்கேயே பேயாக இருந்துவிடுவேன். ஆனால் பிள்ளை முடியை நினைத்தால் எனக்குத் தூக்கம் இல்லை.

குஞ்சம்மாள்


பழனி
10-5-2024

சம்பந்தி,

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்து வாசித்தேன். சந்தனம் வாங்க வந்தவர்களை நிற்க வைத்துவிட்டு வாசித்தேன்.

முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பூன் என்று நான் சொன்னது உண்மை. ஞாபகம் இல்லை என்றது பொய். உங்கள் கை கீறும் என்று நினைத்ததும் உண்மை. கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த நாளிலிருந்து அந்தப் பிள்ளையை நான் என் கையாலேயே பயந்துதான் தூக்கினேன். என் பயத்தை உங்கள் கைமேல் போட்டுவிட்டேன். அத்தனை பேர் முன்னால் போட்டது இன்னும் தப்பு. இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

இப்போது சோலியைப் பார்ப்போம். பூமுடியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முப்பது வருஷமாக மொட்டைத் தலைக்குச் சந்தனம் விற்கிறேன், வேண்டினதைக் குறைத்துவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் முகம் எனக்குத் தெரியும்.

பதினைந்தாம் தேதி புதன்கிழமை நான் அங்கே தங்க வருகிறேன். ரூம் போட்டாகிவிட்டது. சிவமுருகன் மலை ஏறக் காருக்கு இ-பாஸ் எடுத்துவிட்டான். தாரணியும் வருகிறாள். மதன் வரவில்லை, அவனுக்குத் தெரியாது.

ஏழு மணிக்கு நீங்கள் நடந்து வரும்போது, சாப்பாட்டு ஹாலில் எல்லார் முன்னாலும் நான் உங்களைக் கூப்பிடுவேன். தனியாகப் பேசினால் அந்த மேனேஜர் பத்திரத்தைக் காட்டுவார். கூட்டத்தில் காட்ட முடியாது. பதில் சொன்னால் அன்றே ஊருக்குத் தெரிந்துவிடும், மதனுக்கும் தெரிந்துவிடும். அதனால் பதில் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். சொல்லாவிட்டால் நானும் மற்றவர்களோடு சேர்ந்து "ஐயோ பேய்" என்று ஒரு கத்துக் கத்திவிட்டு, சாப்பிட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழே வந்துவிடுவேன். உங்கள் மரியாதைக்கு என்னால் குறைவு வராது.

ஆனால் நான் சத்தமாகத்தான் கூப்பிடுவேன். பஸ் ஸ்டாண்டில் கூப்பிட்டு வியாபாரம் செய்த தொண்டை.

கந்தம்மாள்


அடுக்கம்
24-5-2024

அன்புள்ள சம்பந்தி,

போன் கைக்கு வந்துவிட்டது. நேற்று இரவு கூடப் பேசினோம். இருந்தாலும் இதைப் பேச்சில் சொல்ல எனக்கு வராது. காரில் பழனி வருகிறவரைக்கும் நான் வாயே திறக்கவில்லை என்று சொன்னீர்களே, அதற்குத்தான் இது.

அன்றைக்கு மஞ்சு ஜன்னல்வரைக்கும் இறங்கியிருந்தது. லாந்தரை எடுத்துக்கொண்டு நடந்தேன். பதில் சொல்லக்கூடாது என்று முடிவு செய்துதான் நடந்தேன். அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். பொய்யோ மெய்யோ, மாடியில் இருக்கிற அம்மாவாகவே இருந்துவிடலாம், பிள்ளைக்கு மூன்றாம் வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று.

சிவப்புச் செருப்புக்காகக் குனிந்தேன். செருப்பைக் காணோம். அந்த இடத்தில் ஒரு கம்பளிக் காலுறை கிடந்தது. குனிந்தபடியே இருந்துவிட்டேன். இடதுகால் உறை, பெருவிரல் பக்கம் கோணல். கண்ணாடிப் பெட்டிப் பிள்ளைக்கு என்று ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து நான் பின்னியது. அவசரத்தில் ஒரு தையல் தப்பிய இடம் எனக்குத் தெரியும். அதை மடியில் தட்டினேன். ஜன்னல் மேடையில் வைக்கக் கை வரவில்லை.

அப்போதுதான் உங்கள் சத்தம். "சம்பந்தியம்மா! வண்டி நிக்குது, வாங்க வீட்டுக்குப் போவம்!"

அத்தனை கரண்டியும் நின்றுவிட்டது. காலுறையோடு நின்றேன். பேயாக இருந்தால் நேரே போக வேண்டும். பத்தடியில் திருப்பம், திரும்பிவிட்டால் முடிந்தது. நீங்கள் இரண்டாம் தரம் கூப்பிடவில்லை. அதுதான் என்னைத் திருப்பியது. கூப்பிட்டிருந்தால் வீம்புக்கு நடந்திருப்பேன். உங்கள் தோளில் அந்தப் பிள்ளை, முன்னால் விழுந்த முடியைத் தானே கையால் தள்ளித் தள்ளி என்னைப் பார்த்தது.

"இருங்க சம்பந்தி, சேலையை மாத்திக்கிட்டு வாரேன்" என்றேன். ஒரு பெண், "அய்யோ, ஆயா பேசுது!" என்றாள். அதற்கு அவள் புருஷன், "சேலை வேற மாத்துதாம்டி" என்றான். அந்தச் சிரிப்பு என் முதுகில் விழுந்தது. விழட்டும் என்று இருந்தது, சம்பந்தி. ஒரு மாசமாகக் கதவுக்கு வெளியே கேட்ட சிரிப்புதான், அன்றைக்கு நானும் வெளியே நின்று கேட்டேன்.

மேனேஜர் பத்திரத்தோடு ஓடி வந்தார். நீங்கள் எழுந்துகூட நிற்கவில்லை. "அப்படியா தம்பி? அதுல என்ன எழுதியிருக்குன்னு இங்கனயே சத்தமா வாசிங்க. எல்லாரும் காசு குடுத்துத்தான வந்திருக்காங்க, கேக்கட்டும்" என்றீர்கள். அவர் ஹாலைப் பார்த்தார், பத்திரத்தைப் பார்த்தார். நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னைப் பூட்டிவைத்தவர், அவரும் யாரிடமும் சொல்ல முடியாமல் நின்றார். என் போனைக் கொடுக்கும்போது, "மேடம், ஒரு வார்த்த முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றார். சொன்னேனே, இரண்டு தரம்.

மதன் விஷயம். ஹாலில் யாரோ எடுத்த புதுப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான், பதினேழாம் தேதி வெளியூரிலிருந்து நேரே முடி இறக்கும் மண்டபத்துக்கு வந்தான் என்று அவன் முகத்திலேயே தெரிந்தது. நான் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தேன். "ஏம்மா, என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்றான். "எந்த வாயால சொல்ல? நீ கேட்டுல நின்னப்ப என் வாயில முந்தானை இருந்துச்சு" என்றேன். அவன் என் தலையைத் தடவினான். இருபது வருஷத்தில் முதல் தரம்.

முந்தாநாள் சேனாதிபதி வீடு தேடி வந்தார். புக்கிங் எல்லாம் போகிறதாம், ஆயா திரும்பி வரணுமாம். கதவைத் திறந்து நின்றேன். என் தலையைப் பார்த்தார். "டீ குடிச்சுட்டுப் போங்க தம்பி, முழங்காலுக்கு வளர இன்னும் நாளாகும்" என்றேன். குடித்துவிட்டுத்தான் போனார்.

எழுத உட்கார்ந்தது இதற்கெல்லாம் இல்லை.

சிவமுருகன் மடியில் பிள்ளையை வைத்து முடி இறக்கியதும், நீங்கள் சந்தனக் கிண்ணத்தை எடுத்தீர்கள். கடைக்காரி, முப்பது வருஷக் கை, நீங்கள்தான் தடவுவீர்கள் என்று நான் தள்ளி நின்றேன். நீங்கள் கிண்ணத்தை என் பக்கம் நீட்டினீர்கள். சௌம்யா, "அம்மா, அதுக்கு பிரஷ் இருக்கும்மா" என்றாள். "பிரஷ் வேணாம்டி, கையாலதான் தடவணும்" என்றீர்கள்.

முட்டை ஓடு மாதிரித் தலை. உச்சியில் துடிக்கிற இடத்தில் என் உள்ளங்கை பட்டது. பிள்ளை அழவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒரு வாரம் ஆகிறது. அடுப்பு வேலை, துணி வேலை, நேற்றிலிருந்து கேரட் வேலை, எல்லாம் இந்தக் கையால்தான். எத்தனையோ தரம் கழுவியாயிற்று. எழுதுவதற்கு முன்னால் முகர்ந்து பார்த்தேன். உங்கள் கடைச் சந்தனம் நல்ல சந்தனம்தான், சம்பந்தி. இன்னும் போகவில்லை.

குஞ்சம்மாள்